கிரனாடாவுக்கு முதல்முறை போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

ஸ்பெயின் போகத் திட்டமிடும் நண்பர்களும் உறவினர்களும் கிரனாடாவைப் பற்றி என்னிடம் கேட்பவை பெரும்பாலும் ஒரே சந்தேகங்கள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதுவதைவிட, எல்லாவற்றையும் ஓரிடத்தில் சேர்த்து வைத்தால் நல்லது என்று தோன்றியது. கேள்விகளை அவர்கள் கேட்ட விதத்திலேயே விட்டிருக்கிறேன். அவசரமாகப் படிப்பவர்கள் டிக்கெட் பற்றிய பகுதியை மட்டுமாவது படித்துவிடுங்கள்.

கிரனாடா, அல்ஹம்ப்ரா ரெண்டும் ஒண்ணா? எங்க இருக்கு?

கிரனாடா ஒரு நகரம். அல்ஹம்ப்ரா அந்த நகரத்தின் குன்று ஒன்றின்மேல் இருக்கும் கோட்டையும் அரண்மனைகளும். ஸ்பெயினின் தெற்கே, அண்டலூசியா மாநிலத்தில், சியெரா நெவாடா மலைத்தொடரின் அடிவாரத்தில் நகரம் இருக்கிறது. ஸ்பெயினின் பெருநிலப் பகுதியிலேயே உயரமான முலாசென் சிகரம் (3,479 மீட்டர்) இந்த மலைத்தொடரில்தான் உள்ளது. வசந்த காலத்தில் போனால் செந்நிறக் கோட்டைக்குப் பின்னால் பனி மலை நிற்பதைப் பார்க்கலாம்.

ஊரின் அமைப்பை மனதில் வைத்துக்கொண்டால் மற்ற பதில்கள் எளிதாகப் புரியும். நடுவில் டார்ரோ என்ற சிற்றாறு. அதன் ஒரு கரைக்கு மேலே அல்ஹம்ப்ரா குன்று, எதிர்க்கரைக்கு மேலே அல்பைசின் என்ற பழைய குடியிருப்பு. அல்பைசினை ஒட்டிக் கிழக்கே சாக்ரோமோன்டே குகை வீடுகள். கதீட்ரலும் கடைத்தெருக்களும் கீழே சமதளத்தில்.

மாட்ரிட், பார்சிலோனா பார்த்தா போதாதா? இந்த ஊர்ல அப்படி என்ன இருக்கு?

ஐபீரியத் தீபகற்பத்தில் முஸ்லிம் அரசர்களின் ஆட்சி 711-இல் தொடங்கியது. கோர்டோபா, செவில்லா எல்லாம் ஒவ்வொன்றாகக் கிறிஸ்தவ அரசர்களிடம் போன பிறகும், நஸ்ரி வம்சத்தின் கீழ் கிரனாடா மட்டும் 1492 வரை தனி அரசாக நின்றது. சுருங்கிக்கொண்டே வந்த அந்தச் சிறிய அரசு கட்டியதுதான் அல்ஹம்ப்ரா. ஐரோப்பாவில் இடைக்கால இஸ்லாமிய அரண்மனை ஒன்று இந்த அளவு முழுமையாக வேறெங்கும் மிஞ்சவில்லை.

அதோடு, வென்றவர்கள் கட்டியதும் அதே ஊரில் இருக்கிறது. தோற்ற அரசனின் மண்டபத்தைக் காலையில் பார்த்துவிட்டு, அவனை வென்ற ராணியின் சமாதிக்கு மாலையில் நடந்தே போய்விடலாம். வரலாறு பிடித்தவர்களுக்கு ஸ்பெயினில் இதைவிட நல்ல ஊர் இல்லை என்பது என் கருத்து.

செவில்லாவிலிருந்து காலையில் போய் ராத்திரி திரும்பிடலாமா?

திரும்பலாம், ஆனால் செய்யாதீர்கள். அப்படிப் போகிறவர்கள் அல்ஹம்ப்ராவை அரக்கப்பரக்கப் பார்த்துவிட்டு, அதற்கு எதிரே இருக்கும் ஊரைப் பார்க்காமலே வந்துவிடுகிறார்கள். பயணிகள் கூட்டம் கிளம்பியபின் மாலையிலும், கடைகள் திறக்கும் முன் காலையிலும்தான் அல்பைசின் தன் இயல்பில் இருக்கும்.

இரண்டு இரவு குறைந்தபட்சம். மூன்று இரவு இருந்தால் நிதானமாகப் பார்க்கலாம். ஒரு நாள் அல்ஹம்ப்ராவுக்கு, ஒரு நாள் அல்பைசினுக்கும் சாக்ரோமோன்டேவுக்கும், ஒரு நாள் கீழே இருக்கும் நகரத்துக்கு.

எந்த மாசம் போறது நல்லது?

ஏப்ரல், மே, செப்டம்பர் கடைசி, அக்டோபர். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் பகல் வெயில் 35 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். நமக்கு வெயில் பழக்கம்தானே என்று நினைப்பவர்கள், மேட்டில் ஏறி இறங்கிக்கொண்டே அந்த வெயிலில் இருக்க வேண்டும் என்பதைக் கணக்கில் வையுங்கள். டிசம்பர், ஜனவரியில் இரவு பூஜ்யத்தை ஒட்டி இறங்கும். பகல் பெரும்பாலும் பளிச்சென்று இருக்கும், கூட்டமும் குறைவு. கனமான ஸ்வெட்டர் இருந்தால் அதுவும் நல்ல காலம்தான்.

ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரத்தில் ஊர் நிரம்பி வழியும். ஊர்வலங்களைப் பார்க்க ஆசைப்பட்டுப் போகிறவர்கள் அறையைப் பல மாதம் முன்பே பிடித்துவிட வேண்டும்.

எப்படிப் போய்ச் சேருவது?

மாட்ரிடிலிருந்து நேரடி அதிவேக ரயில் 2019 முதல் ஓடுகிறது; ஏறக்குறைய மூன்றரை மணி நேரம். வெளிநாட்டிலிருந்து விமானத்தில் வருபவர்களுக்கு மாலாகா விமான நிலையம் வசதி. அங்கிருந்து பேருந்தில் இரண்டு மணி நேரத்துக்கு முன்னே பின்னே ஆகும். கிரனாடாவுக்கும் சிறிய விமான நிலையம் உண்டு, ஆனால் அங்கே வரும் விமானங்கள் குறைவு.

வாடகைக் கார் எடுப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. நகர மையத்திலும் அல்பைசினிலும் பல தெருக்களில் அனுமதி பெற்ற வண்டிகள் மட்டும்தான் போகலாம். கேமரா படம் எடுத்துவிடும், அபராதம் பின்னாலேயே வரும். காரை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே நடந்தோ பேருந்திலோ போவதுதான் நிம்மதி.

அல்ஹம்ப்ரா டிக்கெட் அங்க போய் கவுன்டர்ல வாங்கிக்கலாம்ல?

வேண்டாம். இந்தப் பக்கத்திலேயே முக்கியமான பதில் இதுதான். ஒரு நாளில் எத்தனை பேர் உள்ளே போகலாம் என்பதற்கு வரம்பு இருக்கிறது. நல்ல பருவத்தில் நஸ்ரி அரண்மனைகளுக்கான டிக்கெட் பல வாரங்களுக்கு முன்பே தீர்ந்துவிடும். அதனால் விமான டிக்கெட், ஹோட்டல் எல்லாவற்றையும் உறுதி செய்யும் முன்பே அல்ஹம்ப்ராவில் எந்தத் தேதியில் இடம் இருக்கிறது என்று பார்த்துவிட்டு, அதற்கேற்பப் பயணத்தை அமைப்பது நல்லது.

அல்ஹம்ப்ராவின் அதிகாரபூர்வத் தளத்திலேயே வாங்குங்கள். இடைத்தரகர்கள் கூடுதல் விலைக்கு விற்பார்கள். ஒவ்வொருவர் பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் கேட்கப்படும். அதே பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருக்க வேண்டும். உள்ளே பல வாசல்களில் திரும்பத் திரும்பச் சரிபார்ப்பார்கள். 12 வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்குக் கட்டணம் இல்லை, ஆனால் அவர்கள் பெயரிலும் டிக்கெட் எடுத்தாக வேண்டும்.

டிக்கெட்டில் வகைகள் உண்டு. முதல்முறை போகிறவர்கள் எடுக்க வேண்டியது பகல் நேரப் பொது டிக்கெட். அதில் அல்காஸாபா கோட்டை, நஸ்ரி அரண்மனைகள், ஹெனராலிஃபே தோட்டங்கள் மூன்றும் அடங்கும். 'தோட்டங்கள்' என்று தனியாக இருக்கும் டிக்கெட்டில் நஸ்ரி அரண்மனைகள் கிடையாது. விலை குறைவாக இருக்கிறதே என்று அதை எடுத்துவிட்டு வாசலில் போய் நிற்பவர்கள் நிறைய.

டிக்கெட்ல 11:30ன்னு போட்டிருக்கு. அது எதுக்கான நேரம்?

நஸ்ரி அரண்மனைகளுக்குள் நுழையும் நேரம். அரை மணி நேரத் தொகுதிகளாக ஆட்களை விடுகிறார்கள். உங்கள் நேரம் 11:30 என்றால் 12 மணிக்குள் உள்ளே போயிருக்க வேண்டும். தாமதமானால் விடமாட்டார்கள், கெஞ்சியும் பயனில்லை. உள்ளே போனபின் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இருக்கலாம்.

கோட்டையையும் தோட்டங்களையும் அந்த நேரத்துக்கு முன்போ பின்போ பார்த்துக்கொள்ளலாம். ஆனால் ஒவ்வொரு பகுதிக்குள்ளும் ஒரு தடவைதான் நுழைய முடியும். இன்னொன்று, வளாகம் மிகப் பெரியது. ஹெனராலிஃபே பக்கத்து முகப்பு வாசலிலிருந்து நஸ்ரி அரண்மனைகளுக்கு நடக்கவே கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். வாசலுக்கு வந்துவிட்டோம், இனி அவசரமில்லை என்று காபி குடிக்க உட்கார்ந்துவிடாதீர்கள்.

டிக்கெட் கிடைக்கவே இல்லை. பயணத்தையே ரத்து பண்ணிடவா?

ரத்து செய்ய வேண்டாம். முதலில் அதிகாரபூர்வத் தளத்தை நாள்தோறும் காலையும் மாலையும் பாருங்கள். யாராவது ரத்து செய்த இடங்கள் திரும்ப வரும். அப்புறம் இரவு நேர டிக்கெட். விளக்கொளியில் நஸ்ரி அரண்மனைகளை மட்டும் காட்டுவது அது. பகலில் தெரியும் நுணுக்கங்கள் சில தெரியாமல் போகும், ஆனால் கூட்டம் குறைவு. குளத்தில் கோபுரத்தின் நிழல் அசையாமல் நிற்கும்.

எதுவுமே அமையவில்லை என்றாலும் டிக்கெட் இல்லாமல் பார்க்கக்கூடியவை அந்தக் குன்றிலேயே இருக்கின்றன: 1348-இல் முதலாம் யூசுஃப் கட்டிய நீதி வாசல், ஐந்தாம் சார்லஸ் அரண்மனையின் வட்ட முற்றம், சான்டா மரியா தேவாலயம், பழைய தெருவும் அதைச் சுற்றிய காட்டு நிழலும். மிச்ச நேரத்தை அல்பைசினுக்குக் கொடுங்கள். நல்ல பயணமாகவே அமையும்.

உள்ள போனா எதைக் கவனிச்சுப் பார்க்கணும்? எல்லாமே ஒரே மாதிரி இருக்குமோ?

வேகமாக நடந்தால் அப்படித்தான் தோன்றும். முதலாம் யூசுஃபும் அவர் மகன் ஐந்தாம் முஹம்மதும் 14-ஆம் நூற்றாண்டில் கட்டியவைதான் நாம் இன்று பார்ப்பதில் பெரும்பகுதி. இருவரின் ரசனையும் வேறு. தந்தையின் கோமாரெஸ் அரண்மனையில் நீண்ட, அசைவில்லாத ஒரு குளம். அதன் முனையில் 45 மீட்டர் உயரக் கோபுரம். கோபுரத்துக்குள் தூதர்கள் மண்டபம். அங்கே அரசன் வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பான், வந்தவர் முகத்தில்தான் ஒளி விழும். தலையை நிமிர்த்திக் கூரையைப் பாருங்கள். 8,017 மரத்துண்டுகளைக் கோத்து ஏழு வானங்களைக் காட்டியிருக்கிறார்கள்.

மகனின் சிங்க முற்றம் முற்றிலும் வேறு உலகம். மெல்லிய சலவைக்கல் தூண்கள், நடுவில் பன்னிரண்டு சிங்கங்கள் தாங்கும் தொட்டி, அதிலிருந்து நாலு பக்கமும் ஓடும் வாய்க்கால்கள். அதை ஒட்டிய இரு சகோதரிகள் மண்டபத்தின் கூரை, தேன்கூட்டைக் கவிழ்த்து வைத்ததுபோல் ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன மாடங்களால் ஆனது. அவை பெரும்பாலும் வெறும் சாந்தும் மரமும்தான். விலை மலிவான பொருளை வைத்துக்கொண்டு கைத்திறனாலும் கணிதத்தாலும் இதைச் சாதித்திருக்கிறார்கள் என்பது எனக்கு ஒவ்வொரு முறையும் பெரிய விஷயமாகத் தோன்றுகிறது. பக்கவாட்டுச் சுவர் ஓரமாக நின்று பத்து நிமிடம் மேலேயே பாருங்கள். சன்னல் வெளிச்சம் நகர நகரக் கூரையின் நிழல்களும் மாறும்.

சுவர் பூரா அரபி எழுத்து. படிக்கத் தெரியாதவங்களுக்கு என்ன பயன்?

ஒரே ஒரு வாசகத்தின் வடிவத்தை மட்டும் தெரிந்துகொண்டு போங்கள்: 'இறைவனையன்றி வென்றவர் எவருமில்லை.' நஸ்ரி வம்சத்தின் முத்திரை வாசகம் அது. சுவர், தூண், வளைவு என்று எல்லா இடத்திலும் திரும்பத் திரும்ப வரும். ஒருமுறை அடையாளம் கண்டுவிட்டால் குழந்தைகள்கூடத் தேடித் தேடிக் காட்டுவார்கள். கடைசியில் தோற்றுப்போன ஒரு வம்சத்தின் சுவர்களில் அது நிறைந்திருப்பதை நினைத்தால் மனம் கனக்கும்.

மற்றவற்றில் பல, கவிதைகள். அரசவைக் கவிஞரும் அமைச்சருமான இப்னு ஸம்ரக்கின் வரிகள் சிங்கத் தொட்டியின் விளிம்பிலேயே பொறிக்கப்பட்டிருக்கின்றன. ஓடுவது தண்ணீரா சலவைக்கல்லா என்று தெரியவில்லை என்ற பொருளில் ஒரு இடம் அதில் வரும். தொட்டி தன்னைப் பற்றிய கவிதையைத் தானே சுமந்துகொண்டிருக்கிறது. அங்கே நிற்கும்போது அந்த வரியை நினைத்துக்கொண்டு தண்ணீரைப் பாருங்கள்.

குன்று மேல இவ்வளவு தண்ணி எப்படி வருது? மோட்டாரா?

கட்டிய காலத்தில் எல்லாம் புவியீர்ப்பின் வேலை. நஸ்ரி வம்சத்தை நிறுவிய முதலாம் முஹம்மது 1238-இல் கிரனாடாவுக்குள் வந்தார். குன்றில் தண்ணீர் இல்லாமல் அரண்மனையும் இல்லை, கோட்டையும் இல்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அதனால் டார்ரோ ஆற்றில் சுமார் 6 கிலோமீட்டர் மேலே போய், குன்றைவிட உயரமான இடத்தில் தண்ணீரைப் பிடித்து, மலைச்சரிவை ஒட்டி மெல்லிய சாய்வில் ஒரு வாய்க்கால் வெட்டினார்கள். அரச வாய்க்கால் என்று அதற்குப் பெயர். அது முதலில் ஹெனராலிஃபே தோட்டங்களுக்கு வந்து, பிறகு ஒரு சிறிய பாலத்தின் மேலாக அல்ஹம்ப்ராவுக்குள் நுழைகிறது.

ஏரி, கால்வாய், மதகு என்று நீர்ப்பாசனம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதன் அருமை உடனே தெரியும். ஹெனராலிஃபேயின் மேற்பகுதியில் 'நீர்ப்படிக்கட்டு' ஒன்று இருக்கிறது. படியின் இருபக்கக் கைப்பிடிச் சுவர்களிலேயே வாய்க்கால் வெட்டித் தண்ணீரை ஓடவிட்டிருக்கிறார்கள். அதைத் தவறவிடாதீர்கள். கீழே வாய்க்கால் முற்றத்தில் வளைந்து பாயும் நீரூற்றுகள்தான் எல்லாப் படங்களிலும் வரும். ஆனால் அவை பிற்காலத்தில் சேர்த்தவை. நஸ்ரி காலத்துத் தோட்டத்தில் தண்ணீர் அமைதியாக ஓடியது.

நடுவுல ஒரு பெரிய சதுரமான ரோமானியக் கட்டடம் இருக்கே, அது என்ன?

ஐந்தாம் சார்லஸ் பேரரசர் 1527-இல் கட்டத் தொடங்கிய அரண்மனை. வடிவமைத்தவர் பெத்ரோ மாச்சூகா. வெளியே சதுரம், உள்ளே முழு வட்ட முற்றம். அவர் அதில் வாழவேயில்லை. கூரை முடிந்ததே 20-ஆம் நூற்றாண்டில்தான்.

நஸ்ரி அரண்மனைகளுக்கு நடுவே இதைக் கொண்டுவந்து வைத்தார்களே என்று பலருக்குக் கோபம் வரும். எனக்கு அந்தக் கோபம் இல்லை. வட்ட முற்றத்தின் நடுவில் நின்று பாருங்கள். தனியாக எடுத்துக்கொண்டால் மிகச் சிறந்த கட்டடம். பழையதை முழுவதும் இடிக்காமல் பக்கத்தில் கட்டியதால்தான் இரண்டும் இன்று நமக்குக் கிடைத்திருக்கின்றன. பெரிய ஆபத்து பிறகு வந்தது: 1812-இல் நெப்போலியனின் படை ஊரைவிட்டுப் போகும்போது வெடி வைத்துச் சில கோபுரங்களைத் தகர்த்தது.

எங்க தங்கறது? அல்பைசின்ல தங்கலாமா?

முதல்முறை என்றால் பிளாஸா நுவேவா சதுக்கத்தைச் சுற்றித் தங்குங்கள். அல்ஹம்ப்ராவுக்கும் அல்பைசினுக்கும் கதீட்ரலுக்கும் அங்கிருந்து நடந்தே போகலாம். அல்பைசினில் மதில் சூழ்ந்த தோட்ட வீடுகள் சில விடுதிகளாக இருக்கின்றன, அழகானவை. ஆனால் டாக்ஸி வாசல்வரை வராத சந்துகள் பல உண்டு. சக்கரம் வைத்த பெட்டியைக் கூழாங்கல் பாதையில் இழுத்துக்கொண்டு மேடு ஏற வேண்டியிருக்கும். முதுகுப் பையோடு போகிறவர்களுக்குச் சரி.

அப்பா அம்மாவையும் கூட்டிட்டுப் போறோம். முழங்கால் வலி. சமாளிப்பாங்களா?

திட்டமிட்டால் சமாளிக்கலாம். பிளாஸா நுவேவாவிலிருந்து அல்ஹம்ப்ராவுக்கு நடந்து ஏறும் பாதை அழகானதுதான், ஆனால் செங்குத்து. C30 அல்லது C32 சிறு பேருந்தில் போங்கள், இல்லையென்றால் டாக்ஸி. முன்பே டிக்கெட் இருந்தால் முகப்பு வாசல்வரை போகாமல் நீதி வாசல் பக்கம் இறங்கிக்கொள்ளுங்கள். அரண்மனைகளுக்கு அது கிட்டம். அவர்களுக்கு அல்காஸாபாவின் வேலா கோபுரத்தை விட்டுவிடலாம். படிகள் குறுகல். தோட்டங்களில் உட்கார இடங்கள் இருக்கின்றன.

அல்பைசினுக்கு C31 பேருந்து மேலேயே கொண்டுபோய் விடும். மேலே இறங்கிக் கீழ்நோக்கி நடப்பது எல்லாருக்குமே நல்ல யோசனை. ஒன்று மட்டும் கண்டிப்பு: அடிப்பாகம் தடித்த, பிடிமானமுள்ள காலணி. ஆற்றுக் கூழாங்கற்களை நிறுத்தி வைத்துப் பதித்த பாதைகள் மழையில் வழுக்கும்.

அல்ஹம்ப்ராவை எதிரிலிருந்து பார்க்க எந்த இடம்?

எல்லாரும் சொல்வது சான் நிக்கோலாஸ் தேவாலயத்தின் முன்னால் இருக்கும் முற்றம். காட்சி உண்மையிலேயே அபாரம். ஆனால் சூரியன் மறையும் நேரத்தில் தோளோடு தோள் இடிக்கும் கூட்டம். கைப்பையைக் கவனமாகப் பிடித்துக்கொள்ளுங்கள். அதற்கு மிக அருகிலேயே 2003-இல் திறக்கப்பட்ட புதிய பெரிய மசூதியின் தோட்டம் இருக்கிறது. திறந்திருக்கும் நேரத்தில் யாரும் போகலாம், அதே காட்சி, அமைதியான சூழல். இன்னும் மேலே ஏறத் தெம்பு இருப்பவர்களுக்கு சான் மிகேல் ஆல்டோ. ஊர் முழுவதும் காலடியில் தெரியும்.

நான் பரிந்துரைப்பது விடிகாலை. கோட்டைக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் எழுவதைப் பார்த்துவிட்டு, அப்படியே சந்துகளில் இறங்கி டார்ரோ ஆற்றங்கரைக்கு வந்தால், 11-ஆம் நூற்றாண்டு அரபுக் குளியலகமான பான்யுவேலோ இருக்கிறது. கூரையில் நட்சத்திர வடிவ ஓட்டைகள் வழியே ஒளி இறங்கும்.

நான் சைவம். டாப்பாஸ் இலவசம்னு சொல்றாங்க, எனக்கு ஏதாவது கிடைக்குமா?

இலவசம் என்பது உண்மை. கிரனாடாவில் பல கடைகளில் பானம் எதை வாங்கினாலும் ஒரு சிறிய தட்டு உணவு கூடவே வரும். பீர், ஒயின் வேண்டாம் என்றால் மோஸ்தோ என்ற திராட்சைச் சாறு கேளுங்கள், அதற்கும் வரும். ஆனால் என்ன தட்டு என்பதைப் பெரும்பாலும் கடைக்காரர்தான் முடிவு செய்வார், அது பெரும்பாலும் பன்றி இறைச்சியாகவோ மீனாகவோ இருக்கும். பானம் சொல்லும்போதே 'சின் கார்னே, சின் பெஸ்காடோ, சின் ஹமோன்' என்று சொல்லிவிடுங்கள். இறைச்சி, மீன், பன்றித்தொடை மூன்றும் வேண்டாம் என்று தனித்தனியாகச் சொல்வது அவசியம். சைவம் என்று மட்டும் சொன்னால் சூரை மீன் போட்ட சாலட் வரும்.

உங்களுக்கானது பொரித்த கத்தரிக்காய் மேல் கரும்புப் பாகு ஊற்றித் தருவது. கேட்க விசித்திரமாக இருந்தாலும் சாப்பிட்டால் விடமாட்டீர்கள். கிரனாடாவுக்குத் தெற்கே உள்ள கடற்கரைக்குக் கரும்பைக் கொண்டுவந்தவர்கள் அரபியர். பல நூற்றாண்டுகள் அங்கே பயிரானது. உருளைக்கிழங்கைக் குடைமிளகாய், வெங்காயத்தோடு ஆலிவ் எண்ணெயில் வதக்கும் 'பாப்பாஸ் ஆ லோ போப்ரே', பாதாமும் பூண்டும் அரைத்த குளிர்ந்த சூப் 'அஹோ பிளாங்கோ' இரண்டும் சைவம்தான். சல்மொரேஹோ என்ற தக்காளிச் சூப்பின் மேல் முட்டையும் பன்றித்தொடையும் தூவுவார்கள், வேண்டாம் என்று சொல்ல வேண்டும். முட்டை சாப்பிடுபவர்களுக்கு உருளைக்கிழங்கு டோர்டிய்யா எங்கும் கிடைக்கும். ஆனால் 'சாக்ரோமோன்டே டோர்டிய்யா' என்று எழுதியிருந்தால் தொடாதீர்கள், அதில் ஆட்டு மூளை போன்றவை இருக்கும்.

மத்தியானம் போனா கடை எல்லாம் மூடியிருக்கு, சாயங்காலம் ஏழு மணிக்குச் சாப்பாடு இல்லைங்கறாங்க. என்ன ஊர் இது?

சிறு கடைகள் இரண்டு மணி வாக்கில் மூடி ஐந்து மணிக்குத்தான் திறக்கும். மதிய உணவு இரண்டிலிருந்து நாலு, இரவு உணவு ஒன்பதுக்கு மேல். இடையில் பல சமையலறைகளில் அடுப்பு அணைந்திருக்கும். குழந்தைகளோடு போகிறவர்கள் மேலே சொன்ன டாப்பாஸ் வழியைப் பின்பற்றி மாலைப் பசியைச் சமாளிக்கலாம். இல்லையென்றால் கல்தெரெரியா தெருவின் தேநீர்க் கடைகள். தண்ணீர் பாட்டில் வாங்கத் தேவையில்லை, குழாய்த் தண்ணீர் மலையிலிருந்து வருவது, நன்றாக இருக்கும்.

கதீட்ரல் பக்கத்துல ஒரு அம்மா ரோஸ்மேரி கிளை கையில கொடுத்தாங்க. வாங்கலாமா?

வாங்காதீர்கள். கிளை கைக்கு வந்ததும் கைரேகை பார்ப்பார்கள், அப்புறம் பணம் கேட்பார்கள். கையை நீட்டாமல், சண்டையும் போடாமல், 'நோ, கிராசியாஸ்' என்று சொல்லி நடந்துவிடுங்கள். ஆபத்து ஏதுமில்லை.

கதீட்ரல், ராஜ சமாதி ரெண்டுல ஒண்ணுதான் நேரம் இருக்கு. எது?

ராஜ சமாதியான கபிய்யா ரெயால். 1492-இல் கிரனாடாவை வென்ற இசபெல் ராணியும் ஃபெர்னாண்டோ அரசரும், அவர்கள் மகள் ஹுவானாவும் மருமகன் ஃபிலிப்பும் இங்கே இருக்கிறார்கள். மேலே நுணுக்கமான சலவைக்கல் சிலைகள். சில படி இறங்கினால் அலங்காரமற்ற ஈயப் பெட்டிகள். இசபெலின் கிரீடமும், அவர் சேர்த்த பிளெமிய ஓவியங்களும் பக்கத்து அறையில். தன் நாட்டில் எத்தனையோ நகரங்கள் இருக்க, இங்கேதான் அடக்கம் செய்ய வேண்டும் என்று அவர் விரும்பியது இந்த வெற்றி அவருக்கு எவ்வளவு பெரிதாக இருந்தது என்பதைக் காட்டுகிறது. எதிரே 1349-இல் நிறுவிய மதரஸா இருக்கிறது, அதன் தொழுகை அறையையும் பார்த்துவிடுங்கள்.

குகைல ஃபிளமென்கோ பார்க்கணும். அது நம்ம கதக் மாதிரியே இருக்கே, இந்தியாவுலேர்ந்து போனதா?

ஃபிளமென்கோ என்பது அண்டலூசியாவின் பாட்டும் நடனமும். சாக்ரோமோன்டே குகைகளில் அதன் நிகழ்ச்சிகள் தினமும் இரவு நடக்கின்றன. சாப்பாடும் சேர்த்து விற்கும் பெரிய தொகுப்புகளைவிட, நிகழ்ச்சிக்கு மட்டும் டிக்கெட் எடுப்பது மேல். முன் வரிசையில் உட்காருங்கள், பாதங்களைப் பார்க்க வேண்டும்.

இந்தக் கலையை வளர்த்த, ஸ்பெயினின் ரோமானி (ஜிப்சி) மக்களின் முன்னோர் சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வடமேற்கு இந்தியாவிலிருந்து புறப்பட்டவர்கள் என்பதை மொழியும் மரபணுவும் காட்டுகின்றன. 15-ஆம் நூற்றாண்டில் ஸ்பெயின் வந்து சேர்ந்தார்கள். ஆனால் ஃபிளமென்கோ உருவானது அண்டலூசியாவில், 18, 19-ஆம் நூற்றாண்டுகளில், பல மரபுகள் கலந்து. கதக்கிலிருந்து நேராக வந்தது என்பதற்குச் சான்று இல்லை. அந்தக் கலையை வளர்த்த மக்களுக்கே அதன் பெருமை போகட்டும்.

கைடு சொன்ன கதையெல்லாம் நிஜமா?

அபென்செர்ராஹே என்ற பிரபுக் குடும்பத்தினரின் தலையை வெட்டிய ரத்தக்கறை என்று தொட்டியில் காட்டுவது இரும்புத் துரு. சிங்கங்கள் மணிக்கொன்றாக நீர் உமிழ்ந்து கடிகாரமாக இருந்தன என்பதற்கு ஆதாரம் இல்லை. கடைசி அரசன் போவப்தில் மலைக்கணவாயில் திரும்பிப் பார்த்து அழுதான், தாய் அவனைக் கடிந்தாள் என்பது பிற்காலத்தில் எழுதப்பட்ட கதை.

1492 ஜனவரி 2-ஆம் தேதி அவன் நகரத்தை ஒப்படைத்தது வரலாறு. கொலம்பஸின் பயணத்துக்கான ஒப்பந்தம் அதே ஆண்டு ஏப்ரலில் பக்கத்து ஊரான சான்டா ஃபேயில் கையெழுத்தானதும் வரலாறு.

அதுக்கப்புறம் அங்க இருந்த முஸ்லிம்கள், யூதர்கள் எல்லாம் என்ன ஆனாங்க? இதை யாருமே சொல்றதில்லையே?

நல்ல கேள்வி, ஊரைப் புரிந்துகொள்ள இது தெரிந்தே ஆக வேண்டும். சரணடைந்த உடன்படிக்கையில் முஸ்லிம்களின் மதமும் சொத்தும் வழக்கங்களும் காக்கப்படும் என்று உறுதி தரப்பட்டது. யூதர்களுக்கு மூன்று மாதம்கூட அமைதி இல்லை. 1492 மார்ச் 31-ஆம் தேதி, கிரனாடாவிலேயே, அவர்கள் மதம் மாற வேண்டும் அல்லது நாட்டைவிட்டுப் போக வேண்டும் என்ற ஆணை கையெழுத்தானது. அவர்கள் வாழ்ந்த பகுதியாகச் சொல்லப்படும் ரியலேஹோவில் இன்று நடந்தால் அந்த வாழ்க்கையின் தடயம் ஏறக்குறைய ஏதும் தெரியாது.

முஸ்லிம்களுக்குத் தந்த உறுதி 1499-இல் உடைந்தது. பின்னாளில் கார்டினலான பேராயர் சிஸ்நேரோஸ் கட்டாய ஞானஸ்நானம் தொடங்கினார். அரபு நூல்கள் எரிக்கப்பட்டன. பிப்-ரம்ப்லா சதுக்கத்தில் எரித்ததாகச் சொல்கிறார்கள். இன்று அங்கே பூக்கடைகளும் காபிக் கடைகளும் இருக்கின்றன. அல்பைசின் மக்கள் கிளர்ந்தெழுந்தார்கள், அடக்கப்பட்டார்கள். மதம் மாறியவர்களுக்கு 1567-இல் அரபு மொழியும் உடையும்கூடத் தடையானது. 1568-இல் அல்புஹார்ரா மலைகளில் பெருங்கிளர்ச்சி. தோற்றபின் காஸ்டில் ராஜ்யம் முழுவதும் சிதறடிக்கப்பட்டார்கள், 1609 முதல் ஸ்பெயினைவிட்டே வெளியேற்றப்பட்டார்கள்.

இதை மனதில் வைத்து அல்பைசினின் சான் சல்வதோர் தேவாலயத்துக்குப் போங்கள். மசூதி இருந்த இடத்தில் எழுந்தது அது. பழைய மசூதியின் முற்றம் இன்னும் அங்கே இருக்கிறது. ஜனவரி 2-ஆம் தேதியை நகரம் இன்றும் விழாவாகக் கொண்டாடுகிறது. அதை எதிர்க்கும் குரல்களும் ஆண்டுதோறும் எழுகின்றன. அந்த நாளில் ஊரில் இருந்தால் இரு தரப்பையும் கேட்கலாம்.

ஒரு நாள் கூடுதலா இருக்கு. எங்க போகலாம்?

மேலே சொன்ன அல்புஹார்ராவுக்கே. பாம்பனெய்ரா, புபியோன், கபிலெய்ரா மூன்றும் ஒரே பள்ளத்தாக்கின் சரிவில் அடுக்காக இருக்கும் வெள்ளை ஊர்கள். தட்டையான மண் கூரைகள், வாசலோரம் ஓடும் வாய்க்கால், படிவயல்கள். அரச வாய்க்காலைக் கட்டியவர்களின் அறிவு சாதாரணக் குடியானவர்களிடம் எப்படி இருந்தது என்பதை இங்கே பார்க்கலாம். அந்த மலை வாய்க்கால்கள் பல இன்றும் வயலுக்குத் தண்ணீர் கொண்டுபோகின்றன. கபிலெய்ராவில் இறங்கி மற்ற இரண்டு ஊர்களுக்கும் கீழ்நோக்கி நடந்தால் மேடு ஏறும் சிரமம் இருக்காது. கிரனாடா பேருந்து நிலையத்திலிருந்து நேரடிப் பேருந்து உண்டு, ஆனால் ஒரு நாளில் சில தடவைதான். திரும்பும் கடைசிப் பேருந்தின் நேரத்தைப் போகும்போதே ஓட்டுநரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.